காயத்ரி: மந்திரம் எப்படி அம்மன் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து முகம், பத்துக் கை, செந்தாமரை ஆசனம். பூஜையறைப் படத்திலும் தினசரி காலண்டரிலும் இந்த அம்மனைப் பார்க்காதவர்கள் குறைவு. என்னிடம் படம் வரையக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளும், அவர்களை விட்டுவிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்களும் இவளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சில கேள்விகள் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மந்திரம் என்ன சொல்கிறது?

ஓம் பூர்புவஸ்ஸுவ:
தத் ஸவிதுர் வரேண்யம்
பர்கோ தேவஸ்ய தீமஹி
தியோ யோ ந: ப்ரசோதயாத்

"ஸவிதா என்ற தேவனுடைய அந்த மேலான ஒளியைத் தியானிக்கிறோம், அவன் எங்கள் அறிவைத் தூண்டட்டும்." அவ்வளவுதான். செல்வம் கேட்கவில்லை, எதிரியை அழிக்கச் சொல்லவில்லை. கேட்பது அறிவு ஒன்றைத்தான்; அதையும் 'எனக்கு' என்று கேட்காமல் 'எங்களுக்கு' என்று கேட்கிறது. அந்த 'ந:' என்ற ஓரெழுத்துச் சொல்லை எல்லாரும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். தனியாக உட்கார்ந்து ஜபிப்பவரும் தன்னோடு எல்லாரையும் சேர்த்துக்கொண்டுதான் கேட்கிறார். எனக்கு இந்த மந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தமிழில் இதைப் பாரதி இரண்டே வரியில் கொண்டுவந்துவிட்டார். பாஞ்சாலி சபதத்தில், அஸ்தினாபுரம் போகும் வழியில் அர்ஜுனன் பாஞ்சாலிக்கு அந்திவானத்தின் நிறங்களைக் காட்டுகிறான். அந்த வருணனை முடியும் இடத்தில் வருகிறது:

"செங்கதிர்த் தேவன் சிறந்த ஒளியினைத் தேர்கின்றோம் - அவன்
எங்களறிவினைத் தூண்டி நடத்துக"

வானத்து நிறங்களை அணு அணுவாகப் பார்த்து முடித்த பிறகு இந்த வாழ்த்தை வைத்தாரே, அதை நான் சும்மா எடுத்துக்கொள்வதில்லை. முதலில் கண் நிறைய வேண்டும், அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும் என்று பாரதி சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

எந்த வேதத்தில் இருக்கிறது? யார் தந்தது?

ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில், 62ஆம் சூக்தத்தின் 10ஆவது மந்திரம். ரிஷி விசுவாமித்திரர். 'பூ: புவ: ஸுவ:' என்ற மூன்று சொற்களும் அந்த ரிக் வேத மந்திரத்தில் கிடையாது. அவை வியாஹ்ருதிகள்: மண், இடைவெளி, வான் என்ற மூன்று உலகங்களின் பெயர்கள். ஜபத்துக்காக முன்னால் சேர்த்துச் சொல்கிறோம்.

மந்திரத்தில் அம்மனே இல்லையே! சூரியன்தானே இருக்கிறார்?

சரியான கேள்வி. பத்து வயதுப் பையன் ஒருவன் இதைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

மந்திரத்தின் தேவதை ஸவிதா. 'தூண்டுபவன்' என்று பொருள். உதிப்பதற்கு முன் ஸவிதா, உதித்த பிறகு சூரியன் என்று வேதத்துக்கு உரை எழுதிய சாயணர் பிரித்துச் சொல்கிறார். விடியலுக்கு முன்னால் கிழக்கே வெளுப்பு தட்டும், ஆனால் வட்டம் தெரியாது. அந்த நேரத்து ஒளிதான் ஸவிதா.

காயத்ரி என்பது முதலில் ஒரு சந்தத்தின் பெயர். நமக்கு வெண்பா, ஆசிரியப்பா மாதிரி வேதத்துக்குக் காயத்ரி, அனுஷ்டுப், த்ரிஷ்டுப், ஜகதீ என்று பல யாப்புகள் உண்டு. அடிக்கு 8 அசையாக மூன்று அடி, மொத்தம் 24 அசை வந்தால் அது காயத்ரி. (இங்கே அசை என்பது தமிழ் யாப்பின் அசை இல்லை; ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. எழுத்து என்றும் சொல்வார்கள்.) ரிக் வேதத்தில் இந்தச் சந்தத்தில் ஏராளமான மந்திரங்கள் இருக்கின்றன. வேதத்தின் முதல் மந்திரமான 'அக்னிமீளே'யும் காயத்ரி சந்தம்தான். ஆனால் விசுவாமித்திரரின் இந்த ஒரு மந்திரம் பெற்ற மதிப்பால் சந்தத்தின் பெயரே அதற்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பழைய நூல்கள் இதை ஸாவித்ரீ என்றும் சொல்லும், ஸவிதாவுக்கு உரியது என்பதால்.

சந்தத்தின் பெயர் மந்திரத்தின் பெயராகி, மந்திரத்தின் பெயர் அம்மனின் பெயராகிவிட்டது. 'காயத்ரீ' வடமொழியில் பெண்பால் சொல் என்பதும் இதற்கு வசதியாக இருந்தது. அதர்வ வேதத்திலேயே 'வேதமாதா' என்று ஒரு தாயை வாழ்த்தும் மந்திரம் இருக்கிறது. அந்தத் தாய் காயத்ரிதான் என்று மரபு கொள்கிறது. கீதையில் கண்ணன் "சந்தங்களில் நான் காயத்ரி" என்கிறான் (10:35).

24 அசை என்கிறீர்கள், எண்ணினால் 23தானே வருகிறது?

எண்ணிப் பார்த்தீர்களே, சந்தோஷம். முதல் அடியில் ஒன்று குறையும். 'வரேண்யம்' என்பதை 'வரேணியம்' என்று பிரித்து எண்ணினால் எட்டு வந்துவிடும். பிருஹதாரண்யக உபநிஷதமும் (5.14) இப்படித்தான் 'பூமி, அந்தரிக்ஷ, த்யௌ' என்ற மூன்று சொற்களில் 'த்யௌ' (வான்) என்பதை இரண்டு அசையாக நீட்டி, காயத்ரியின் ஓர் அடிக்கு எட்டு என்று கணக்குக் காட்டுகிறது. அதே இடத்தில் அது காயத்ரிக்கு நான்காவது பாதம் ஒன்றும் உண்டு என்கிறது: நமக்கு மேலே ஒளிர்கிற சூரியன்தான் அந்த நான்காவது அடி. மூன்று அடியை வாயால் சொல்கிறோம், நான்காவதை நிமிர்ந்து பார்க்கிறோம்.

பெயருக்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. 'கய' என்றால் பிராணன்கள். அவற்றைக் காப்பதால் காயத்ரி. 'பாடுபவரைக் காப்பவள்' என்பதும் வழக்கில் உள்ள விளக்கம்தான்.

ஓர் அடிக்கு எட்டு அசை எப்படி வந்தது என்று கதை உண்டாமே?

உண்டு. ஐதரேய பிராமணம் என்ற வேத நூலில் வருகிற இந்தக் கதையைத்தான் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வேன்.

ஆதியில் எல்லாச் சந்தங்களுக்கும் நாலு நாலு அசைதான். தேவர்களின் பானமான சோமம் அப்போது வானுலகத்தில் இருந்தது. தேவர்கள் சந்தங்களிடம் "போய்க் கொண்டு வாருங்கள்" என்றார்கள். சந்தங்கள் பறவைகளாகிப் பறந்தன. முதலில் ஜகதீ போனாள். பாதி வழியில் களைத்துப்போய் மூன்று அசைகளைத் தவறவிட்டு, ஒற்றை அசையோடு திரும்பினாள். அடுத்து த்ரிஷ்டுப் போனாள். அவள் பாதிக்கு மேல் பறந்தும் ஓர் அசையை இழந்துவிட்டு மூன்றோடு வந்தாள். கடைசியில் காயத்ரி பறந்தாள். காவல்காரர்களைக் கலங்கடித்து, காலாலும் அலகாலும் சோமத்தைப் பற்றிக்கொண்டாள். மற்ற இருவரும் தவறவிட்ட அசைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டாள். நாலும் மூன்றும் ஒன்றும் எட்டு! சோமத்தைக் காத்த கிருசானு என்பவன் அவள்மேல் அம்பு விட்டான். இடது காலின் ஒரு நகம் அறுந்து விழுந்தது. அந்த நகம்தான் முள்ளம்பன்றி ஆனது.

உருவம் என்று பார்த்தால் காயத்ரியின் பழைய உருவம் இந்தப் பறவைதான். ஐந்து முக அம்மன் வெகுகாலம் பிந்தி வந்தவள். கால் நகம் அறுபட, சோமத்தோடு இறங்கி வரும் இந்தப் பறவையை வரைந்து பாருங்களேன் என்று பிள்ளைகளிடம் சொன்னால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரைந்து வருகிறது. பார்த்து வரைய ஒரு படம் கையில் இல்லாததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சந்தங்களுக்குக் குதிரை உருவமும் உண்டு. சூரியனின் தேரை இழுக்கும் ஏழு குதிரைகள் காயத்ரி முதலான ஏழு சந்தங்களே என்கிறது விஷ்ணு புராணம். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கொனார்க் சூரியன் கோயில் அந்தத் தேரையே கல்லில் காட்டுகிறது: ஏழு குதிரைகள், 24 சக்கரங்கள். அந்த 24 காயத்ரியின் 24 அசையா என்று கேட்பவர்கள் உண்டு. எண் பொருந்துகிறது என்பதற்குமேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து முகம், பத்துக் கை எங்கிருந்து வந்தன?

தியான சுலோகத்திலிருந்து. ஓவியன் கையில் இருக்கும் வரைபடம் அதுதான். ஜபத்துக்கு முன் சொல்லும் அந்த சுலோகம் "முக்தா வித்ரும ஹேம நீல தவள" என்று தொடங்குகிறது. முத்து, பவளம், பொன், நீலம், வெண்மை: ஐந்து முகங்களுக்கும் ஐந்து நிறம். ஒவ்வொரு முகத்திலும் மூன்று கண். பிறை பதித்த ரத்தின மகுடம். கைகளில் வரதம், அபயம், அங்குசம், சாட்டை, வெண்ணிறக் கபாலம், பாசக்கயிறு, சங்கு, சக்கரம், இரண்டு தாமரை. எண்ணினால் பத்து வரும்.

இந்தப் பட்டியலுக்கு நடுவில் ஒரு சொல் வருகிறது: 'தத்வார்த்த வர்ணாத்மிகாம்'. உண்மைப் பொருளை உணர்த்தும் வர்ணங்களையே தன் உருவாகக் கொண்டவள் என்று அர்த்தம். வடமொழியில் 'வர்ண' என்றால் எழுத்து. நிறம் என்றாலும் அதே சொல்தான். இந்த இடத்தில் எழுத்து என்றே உரை சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் அதற்கு முந்தைய அடியில்தான் ஐந்து நிறங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. வரைகிறவனுக்கு இரண்டு பொருளும் சேர்ந்தே கேட்கும். எழுத்தால் ஆன உடம்பை நிறத்தால் காட்டு என்று சுலோகமே அனுமதி தருகிற மாதிரி இருக்கிறது. ஓர் ஒலியை எப்படிப் படமாக வரைவது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குத் தெரிந்தது.

தேவி பாகவதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 12ஆவது ஸ்கந்தத்தில் 24 எழுத்துக்கும் தனித்தனி ரிஷி, தேவதை, சக்தி என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறமும் தருகிறது: சண்பகப் பூவின் நிறம், பவள நிறம், ஸ்படிக நிறம் என்று. 24 முத்திரைகளும் அங்கே உண்டு. ஐந்து முகம் எதைக் குறிக்கிறது என்பதற்குப் பஞ்ச பூதம், ஐந்து பிராணன் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஓம் ஒன்று, வியாஹ்ருதி ஒன்று, மந்திரத்தின் மூன்று அடி, ஆக ஐந்து என்றும் ஒரு விளக்கம் உண்டு. மந்திரத்தின் அமைப்பே முகமாகிறது என்பதால் என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது.

காலண்டரில் ஐந்து முகமும் ஒரே வரிசையில் இருக்கிறதே, அது சரியா?

தாள் தட்டையானது. ஆறுமுகன் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: காலண்டரில் ஆறு முகமும் நம்மைப் பார்த்தபடி இருக்கும், கற்சிலையில் சில முகங்கள் பின்பக்கம் போய்விடும். மும்பை அருகே எலிஃபண்டா குகையில் சிவனுக்கு மூன்று முகம்தான் தெரிகிறது. நான்காவது பின்னே பாறைக்குள்ளும், ஐந்தாவது மேலேயும் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது சிற்பம் அறிந்தவர்கள் கூறும் விளக்கம். கல்லில் மறைந்திருப்பதை மனத்தால் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் எல்லா முகமும் தெரிய வேண்டும் என்று பக்தர் எதிர்பார்ப்பார். அதனால் நடு முகத்தின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்குகிறார்கள். வரையும்போது கஷ்டம் எங்கே வரும் தெரியுமா? பக்கத்து முகங்களின் காதிலும் கழுத்திலும். என் மாணவர்கள் எல்லாரும் தடுமாறுவது அந்த இடத்தில்தான். முதலில் நடு முகத்தை முடித்துவிட்டு, மற்றவற்றை அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் வைத்தால் சரியாக வரும்.

ரவி வர்மாவுக்கும் இந்தப் படத்துக்கும் என்ன தொடர்பு?

ராஜா ரவி வர்மா (1848–1906) கிளிமானூரில் பிறந்தவர். தன் ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களோடு நின்றுவிடக் கூடாது என்று 1894இல் மும்பையில் வண்ண அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோணாவளா பக்கத்தில் மளவ்லிக்கு மாறியது. 1901இல் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டாலும் ரவி வர்மா பெயரிலேயே அச்சகம் தொடர்ந்தது. லட்சுமி, சரஸ்வதி படங்களோடு ஐந்து முகக் காயத்ரி படமும் அந்த அச்சகத்தின் பெயரில் பரவியது.

அது கல் அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் தயார் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்ற வேண்டும். ஐந்து நிற முகங்களை ஓவியர் ஒரே நாளில் தீட்டிவிடலாம், அச்சுக்காரர் கல் கல்லாகக் கட்ட வேண்டும். கொஞ்சம் விலகினால் ஒரு முகத்தின் சிவப்பு பக்கத்து முகத்தில் ஏறிவிடும். பிற்காலத்துப் படங்கள் பலவற்றில் எல்லா முகத்துக்கும் ஒரே தோல் நிறம் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். எனக்கு அது வருத்தம்தான். நிறத்தை எடுத்துவிட்டால் சுலோகத்தின் முதல் அடியே படத்திலிருந்து போய்விடுகிறது.

இந்த அச்சுப் படங்கள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. உபதேசம் பெற்றவர்கள் மட்டும் கண்ணை மூடி மனத்தில் வரைந்துகொண்ட உருவம், சில அணா காசுக்கு எல்லார் வீட்டுக்கும் வந்தது. மந்திரம் காதுக்கு வராத வீடுகளுக்கும் அம்மன் வந்து சேர்ந்தாள்.

காலை, மதியம், மாலை என்று மூன்று உருவம் சொல்கிறார்களே?

சந்தியாவந்தனத்தில் காலையில் காயத்ரி, நடுப்பகலில் ஸாவித்ரி, மாலையில் சரஸ்வதி என்று தியானிப்பது வழக்கம். காலையில் சிவந்த நிறச் சிறுமி, அன்னத்தின்மேல். நடுப்பகலில் வெளுத்த நிற இளம்பெண், காளையின்மேல். மாலையில் கருநிற மூதாட்டி, கருடன்மேல். நிறமும் வாகனமும் சம்பிரதாயத்துக்கு ஏற்ப மாறும். ஒரே நாளில் ஒருத்தி பிறந்து வளர்ந்து முதுமை அடைகிறாள். வெயிலின் நிறம் நாள் முழுக்க எப்படி மாறுகிறது என்று கவனித்த யாரோ செய்த கற்பனை இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காயத்ரிக்குக் கோயில் எங்கே இருக்கிறது?

ராஜஸ்தானில் புஷ்கர். பிரம்மாவின் யாகத்துக்கு அவருடைய மனைவி ஸாவித்ரி வரத் தாமதமானதால், இந்திரன் ஆயர்குலப் பெண் ஒருத்தியை அழைத்துவந்து பிரம்மாவுக்கு மணம் முடித்து வைத்தான். அவளே காயத்ரி என்பது பத்ம புராணக் கதை. தாமதமாக வந்து பார்த்த ஸாவித்ரிக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்! உலகத்தில் உமக்கு வழிபாடே இல்லாமல் போகட்டும் என்று பிரம்மாவைச் சபித்தாள். இன்றும் ஸாவித்ரிக்கு ஊரின் ஒரு பக்கக் குன்றின்மேல் கோயில்; காயத்ரிக்கு வேறொரு குன்றில். வேதத்தில் ஒரே மந்திரத்தின் இரண்டு பெயர்களாக இருந்தவர்கள் இங்கே சக்களத்திகள் ஆகிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் சிதம்பரத்தில் காயத்ரி அம்மனுக்குத் தனிக் கோயில் உண்டு.

பெண்கள் சொல்லலாமா? எல்லாரும் சொல்லலாமா?

வைதிக மரபில் உபநயனத்தின்போது பட்டுத் துணி போர்த்தி, அப்பா மகன் காதில் ஓதுவார். அதற்குப் பெயர் பிரம்மோபதேசம். அந்த மரபில் இருப்பவர்கள் உபதேசம் இல்லாமல் சொல்லக் கூடாது என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆரிய சமாஜம் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. பின்னால் ஹரித்வாரின் சாந்திகுஞ்சைத் தலைமையிடமாகக் கொண்ட காயத்ரி பரிவார், ஆண் பெண் சாதி பாராமல் கோடிக்கணக்கானோர் வாயில் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புதுச்சேரியில் பாரதி, தலித் இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்துக் காயத்ரியை உபதேசித்தார்.

என் கருத்தைக் கேட்டால், எல்லாரும் சொல்லலாம். 'எங்கள் அறிவை' என்று பன்மையில் கேட்கிற மந்திரத்துக்கு யாரையும் வெளியே நிறுத்தத் தெரியாது.

தமிழ் எழுத்தில் பார்த்துச் சொன்னால் தப்பாகுமா?

'பர்கோ'வில் வரும் 'ப'வும், 'தீமஹி', 'தியோ' இவற்றில் வரும் 'த'வும் அடிவயிற்றிலிருந்து அழுத்தி வருகிற ஒலிகள். தமிழில் ஒரே எழுத்துதான். ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தோடு எண் போட்ட புத்தகம் வாங்கினால் எது எந்த ஒலி என்று தெரியும். அதைவிட, தெரிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு நாலு நாள் கூடவே சொன்னால் போதும். ராகம் போட்டுப் பாடிய ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம், இனிமையாக இருக்கும். ஜபத்துக்கு மட்டும் வேத ஸ்வரத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்.

எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

10, 28, 108 என்பது வழக்கம். ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள் காயத்ரி ஜபம் என்று காலண்டரில் போட்டிருக்கும், அன்று 1008.

ருத்ர காயத்ரி, கணபதி காயத்ரி என்பவை வேறா?

வேறு. காயத்ரியைப் பின்பற்றி, 'வித்மஹே, தீமஹி, ப்ரசோதயாத்' என்ற அச்சில் மற்ற தெய்வங்களுக்கு வார்த்தவை. கோயிலில் ஒவ்வொரு சன்னிதி முன்னாலும் பலகையில் எழுதியிருப்பார்கள்.

ராமாயணத்துக்குள் காயத்ரி இருக்கிறது என்கிறார்களே?

வால்மீகி ராமாயணம் 24,000 சுலோகம் என்பது மரபுக் கணக்கு. ஆயிரத்துக்கு ஓர் எழுத்தாகக் காயத்ரியின் 24 எழுத்தும் அதில் கோத்திருக்கிறது என்பார்கள். காவியத்தின் முதல் சொல் 'தப:', மந்திரத்தின் முதல் எழுத்து 'த'. அந்த 24 சுலோகத்தை மட்டும் தொகுத்துக் 'காயத்ரி ராமாயணம்' என்று பாராயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜபம் முடிந்ததும் அம்மன் எங்கே போகிறாள்?

இதைக் கேட்டவள் ஏழு வயதுச் சிறுமி. இதற்கு மந்திரத்திலேயே பதில் இருக்கிறது. ஜபத்துக்கு முன் 'ஆயாது வரதா தேவீ' என்று அவளைக் கூப்பிடுகிறோம்: வரம் தரும் தேவி வரட்டும். முடிந்ததும் 'உத்தமே சிகரே' என்று தொடங்கி வழியனுப்புகிறோம்: பூமியில் மலையின் உச்சியில், உயர்ந்த சிகரத்தில் இருப்பவளே, 'கச்ச தேவி யதாஸுகம்', உன் விருப்பம்போல் போய் வா அம்மா.

அந்தச் சிறுமி மறுநாள் ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். மலை, மலைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், மேலே ஏறிப் போகிற ஒரு பெண்ணின் முதுகு. "முகம் எங்கே?" என்றேன். "போறாங்கல்ல சார், எப்படித் தெரியும்?" என்றாள்.